ஓவனுக்குப் போன காராச்சேவு

சாயங்காலம் நாலு மணிக்கு எட்டயபுரத்தில் எந்த டீக்கடை முன்னால் வேண்டுமானாலும் போய் நின்று பாருங்கள். ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையில் துண்டுப் பேப்பரில் காராச்சேவு. தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடிந்து வருகிறவர்கள், சனிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வந்தவர்கள், ஸ்கூல் வாத்தியார், பஸ் டிரைவர் என்று எல்லார் கையிலும் அதே சேவுதான். வெளியூர்க்காரர்களுக்கு எட்டயபுரம் என்றால் பாரதியார் ஞாபகத்துக்கு வருவார். உள்ளூர்க்காரர்களுக்கு நாலு மணி ஆனால் சேவுதான் ஞாபகத்துக்கு வரும்!

இங்கிருந்து மேற்கே பதினைந்து கிலோமீட்டர் போனால் கோவில்பட்டி. அங்கே கடலை மிட்டாய். கோவில்பட்டியில் இருந்து மதுரை ரோட்டில் அரை மணி நேரம் போனால் சாத்தூர். அங்கேதான் காராச்சேவின் தலைநகரமே இருக்கிறது. பூண்டும் வத்தல் பொடியும் தூக்கலாகப் போட்டு, விரல் கனத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிழிந்த சேவு. அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் யாராவது ஒருவர் சேவுப் பொட்டலம் வாங்காமல் ஏறினால்தான் அதிசயம்.

இப்போது இந்தச் சேவுக்கு ஒரு புதுப் பிறவி வந்திருக்கிறது. 'எண்ணெயில் பொரிக்காத சேவு', 'ஓவன் சேவு', 'ஏர் பிரையர் சேவு' என்று வீடியோக்கள் வருகின்றன. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது, சுகர் இருக்கும் அப்பாவுக்கு இதைச் செய்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். "இது பேக் பண்ணினதுப்பா, எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்" என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

பிரச்சினை சேவில் இல்லை, ஓவனிலும் இல்லை. அந்தக் கடைசி வார்த்தையில்தான் இருக்கிறது. ஓவனில் சேவு செய்வது நல்ல விஷயம், கண்டிப்பாகச் செய்து பார்க்க வேண்டிய விஷயம். ஆனால் "எவ்வளவு வேண்டுமானாலும்" என்று சொன்ன அடுத்த நிமிஷமே அந்த நன்மை போய்விடும். எப்படி என்று பார்ப்போம்.

எண்ணெய் என்னதான் செய்கிறது?

பொரிப்பதை ஏதோ கெட்ட பழக்கம் மாதிரி பேசுகிறார்கள். அது ஒரு தொழில்நுட்பம். துளை போட்ட பெரிய கரண்டியில் மாவை வைத்து உள்ளங்கையால் தேய்க்கிறார்கள். சேவு 170, 180 டிகிரி சூட்டில் இருக்கும் எண்ணெயில் விழுகிறது. விழுந்தவுடன் 'சொய்ங்' என்று நுரைக்கிறதே, அது எண்ணெயின் சத்தம் இல்லை, மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடும் சத்தம். ஆவி போகும் வழியெல்லாம் சின்னச் சின்ன ஓட்டைகள் விழுகின்றன. கடித்தால் மொறுமொறுவென்று உடைவதற்கு அந்த ஓட்டைகள்தான் காரணம். நுரை அடங்கினால் தண்ணீர் தீர்ந்தது என்று அர்த்தம். மாஸ்டர் கடிகாரம் பார்ப்பதில்லை, நுரையைத்தான் பார்க்கிறார்.

எண்ணெய் எப்போது உள்ளே போகிறது தெரியுமா? பலரும் வேகும்போது என்று நினைப்பார்கள். வேகும்போது ஆவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் அவ்வளவாக உள்ளே போக முடியாது. சேவை வெளியே எடுத்த பிறகு அது ஆற ஆற, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் அந்த ஓட்டைகளுக்குள் இழுக்கப்படுகிறது. அதனால்தான் எடுத்தவுடன் நன்றாக வடியவிடுவது அவ்வளவு முக்கியம்.

இன்னொன்றும் உண்டு. மெல்லிசான ஓமப்பொடிக்கு எடையைப் பார்த்தால் மேற்பரப்பு அதிகம், அதனால் எண்ணெயும் அதிகம் குடிக்கும். கனமான சேவு குறைவாகக் குடிக்கும். சாத்தூர்க்காரர்கள் இந்தச் சயின்ஸுக்காகக் கனமாகப் பிழியவில்லை, ருசிக்காகப் பிழிந்தார்கள். ஆனால் பலன் பலன்தானே!

ஓவனில் என்ன நடக்கிறது?

ஓவனிலும் சூடு அதே 170 டிகிரி வைக்கலாம். ஆனால் சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது காற்று. எண்ணெய் மாதிரி அது வேகமாகச் சூட்டைக் கடத்தாது. எண்ணெயில் இரண்டு மூன்று நிமிஷத்தில் முடியும் வேலைக்கு ஓவனில் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். தண்ணீர் வெடித்து வெளியேறாமல் மெதுவாக உலர்கிறது. அதனால் ஓட்டைகள் குறைவு. முதல் தடவை செய்கிறவர்கள் வீட்டில் சேவு கல்லு மாதிரி வருவதற்கு இதுதான் காரணம். பல் செட் வைத்திருக்கும் தாத்தாவிடம் கொடுத்துவிடாதீர்கள் :-)

இதைச் சரிக்கட்ட வழி உண்டு. வெளியே இருக்க வேண்டிய எண்ணெயில் கொஞ்சத்தை மாவுக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். கால் கிலோ மாவுக்கு ஒரு கணக்கு: கடலை மாவு 200 கிராம், அரிசி மாவு 50 கிராம். கடலை மாவை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை லேசாக வறுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பச்சை வாடை போகாது. ஏழெட்டுப் பூண்டுப் பல் அரைத்த விழுது, வத்தல் பொடி, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு, கொஞ்சம் ஓமம், அரை டீஸ்பூன் உப்பு. இரண்டு டேபிள்ஸ்பூன் கடலை எண்ணெயைக் காய்ச்சி மாவில் ஊற்றி, விரல் நுனியால் நன்றாகப் பிசிற வேண்டும். பிறகு தண்ணீர் தெளித்துப் பிசைந்து, முறுக்கு உரலில் போட்டு, கடைச் சேவைவிட மெல்லிய அச்சில் தட்டில் பிழிய வேண்டும். ஒன்றன் மேல் ஒன்று விழக் கூடாது. முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 165 டிகிரியில் பத்து நிமிஷம், திருப்பிப் போட்டு இன்னும் ஏழெட்டு நிமிஷம். நிறம் மாற ஆரம்பித்தவுடன் அணைத்துவிட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து உள்ளேயே ஆறவிட்டால் மொறுமொறுப்பு கூடும்.

அரிசி மாவுக்குப் பதில் கம்பு மாவும் போடலாம். கரிசல் காட்டில் விளைவதுதானே, வாசனையும் நன்றாக இருக்கும்.

இப்படிச் செய்த சேவு ருசியாக இருக்குமா? இருக்கும். சாத்தூர்ச் சேவு மாதிரியே இருக்குமா? இருக்காது! காரமான பிஸ்கட்டுக்கும் சேவுக்கும் நடுவில் ஒரு பண்டமாக இருக்கும். "அப்படியே கடைச் சேவு மாதிரியே இருக்கு" என்று சொல்லிக் கொடுப்பதுதான் முதல் தப்பு. வாயில் போட்டவுடன் பொய் தெரிந்துவிடும். அப்புறம் அவர் ஓவன் சேவையும் தின்பார், டீக்கடைக்குப் போய் நிஜச் சேவையும் தின்பார்.

நூறு கிராம் கணக்கு

பேலன்ஸ் ஷீட்டில் ஒரு பக்கம் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட முடியாது இல்லையா? சேவுக்கும் இரண்டு பக்கம் பார்க்க வேண்டும். கீழே உள்ளவை தோராயக் கணக்குதான், மாவுக்கு மாவு கொஞ்சம் மாறும்.

பொரித்த சேவில் நூறு கிராமுக்கு 35 கிராம் அளவுக்குக் கொழுப்பு இருக்கும். மேலே சொன்ன ஓவன் சேவில் 15 கிராம். பாதிக்கும் கீழே! இது பெரிய லாபம், சந்தேகமே இல்லை.

கலோரி? பொரித்தது 540 பக்கம், ஓவனில் செய்தது 440 பக்கம். நூறு கலோரி மிச்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யாரும் நூறு கிராம் எண்ணிச் சாப்பிடுவதில்லை. ஒரு கைப்பிடி என்பது 30 கிராம் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் வெறும் 30 கலோரி. "பேக் பண்ணினதுதானே" என்று இன்னொரு கைப்பிடி எடுத்தால் 130 கலோரி ஏறிவிடும். முப்பது மிச்சம் பிடித்து நூற்று முப்பது செலவு செய்தால் அந்தக் குடும்பம் உருப்படுமா?

இதைவிட முக்கியமான சமாச்சாரம் மாவுச்சத்து. பொரித்த சேவு நூறு கிராமில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எண்ணெய், மீதிதான் மாவு. ஓவன் சேவில் எண்ணெய் குறைவு, அப்படியானால் அந்த இடத்தை எது நிரப்புகிறது? மாவுதான்! பொரித்ததில் மாவுச்சத்து 40 கிராம் பக்கம் என்றால், ஓவன் சேவில் 55 கிராமைத் தாண்டிவிடும். எடைக்கு எடை பார்த்தால், சர்க்கரையாக மாறும் சரக்கு ஓவன் சேவில்தான் அதிகம்.

கடலை மாவில் புரதமும் நார்ச்சத்தும் இருப்பதால் மைதா பிஸ்கட்டைவிட அது எவ்வளவோ மேல், அதை மறுக்கவில்லை. எண்ணெய் குறைவதால் உடம்பு எடைக்கும் இதயத்துக்கும் நல்லது, அதையும் மறுக்கவில்லை. ஆனால் சுகர் இருப்பவரிடம் "எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று சொல்வது? அது அன்பாகச் செய்யும் தீங்கு.

இது சின்ன விஷயம் இல்லை. ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்த இந்தியாப் ஆய்வின் முடிவுகள் 2023 ஜூனில் லான்செட் குழுமத்தின் இதழ் ஒன்றில் வந்தன. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர், வரும் நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடிப் பேர் என்றது அந்த ஆய்வு. பட்டணத்து வியாதி என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. நாலு மணிக்கு டீக்கடையில் நிற்கும் பத்துப் பேரில் ஒருவருக்காவது இந்தக் கணக்கு தேவைப்படும்.

உப்பைப் பற்றி ஒரு வரி. ஓவன் எண்ணெயைக் குறைக்கும், உப்பைக் குறைக்காது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாதம், குழம்பு, ஊறுகாய் எல்லாம் சேர்த்துத்தான் அந்த 5 கிராம். கால் கிலோ மாவுக்கு ஒரு டீஸ்பூன் உப்பு போட்டால் 50 கிராம் சேவிலேயே ஒரு கிராம் உப்பு வந்துவிடும். அதனால்தான் மேலே அரை டீஸ்பூன் என்று சொன்னது. பூண்டும் மிளகும் இருப்பதால் உப்புக் குறைந்தது அவ்வளவாகத் தெரியாது.

'ஓவனில் செய்தால் கெட்டது எதுவும் வராது' என்பதும் முழு உண்மை இல்லை. அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உணவில் இருப்பதை 2002-ல் சுவீடன் நாட்டுக்காரர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். மாவுப் பொருள் 120 டிகிரிக்கு மேல் சூடாகிச் சிவக்கும்போது அது உருவாகிறது. பொரித்தாலும் வரும், ஓவனில் கருக வைத்தாலும் வரும். பொன்னிறத்தில் நிறுத்துங்கள் என்று சமையல் குறிப்புகளில் சொல்வது பார்வைக்கு மட்டும் இல்லை.

அமெரிக்காவில் ஒரு பிஸ்கட் கதை

இந்தத் தப்பை நம்மாட்கள்தான் செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 1992-ல் அமெரிக்காவில் நபிஸ்கோ கம்பெனி 'ஸ்நாக்வெல்ஸ்' என்ற பெயரில் கொழுப்பில்லாத, கொழுப்புக் குறைந்த பிஸ்கட்டுகளைக் கொண்டுவந்தது. ஜனங்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். கொழுப்புதான் இல்லையே என்று பாக்கெட் பாக்கெட்டாகத் தின்றார்கள். கொழுப்பு போன இடத்தில் சர்க்கரையும் மாவும் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. 'நல்லது' என்ற முத்திரை விழுந்த பண்டத்தை அளவில்லாமல் தின்னும் பழக்கத்துக்கு 'ஸ்நாக்வெல் விளைவு' என்றே பெயர் வந்துவிட்டது.

கோவில்பட்டிக் கடலை மிட்டாயையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். எண்ணெய்ச் சட்டியையே பார்க்காதது. வறுத்த நிலக்கடலை, வெல்லப் பாகு, அவ்வளவுதான். பொரிக்காத பண்டம் என்பதால் அது லேசான பண்டமா? நிலக்கடலையிலேயே பாதி அளவுக்கு எண்ணெய் இருக்கிறது, வெல்லமும் சர்க்கரைதான். வெயிலில் வேலை செய்கிறவருக்கு ஒரு துண்டு அருமையான ஆகாரம். உட்கார்ந்த இடத்தில் ஒரு பாக்கெட் காலி செய்கிறவருக்கு அதே மிட்டாய் வேறு கணக்கு. பொரித்ததா பொரிக்காததா என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு எந்தப் பண்டத்துக்கும் பாஸ், ஃபெயில் போட முடியாது.

சேவுக்கடைக்காரர் ஏன் ஓவன் வாங்கவில்லை?

"கடைக்காரங்க எல்லாரும் பேக் பண்ணி வித்தா என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கடைக்காரருக்கு உடல்நலத்தில் அக்கறை இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அவர் கல்லாப்பெட்டிப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு கிலோ மாவைப் பொரித்தால், எண்ணெய் குடித்து ஏறக்குறைய 1.4 கிலோ சேவாக வரும். அதாவது கடைக்காரர் எண்ணெயையும் சேவு விலைக்கே விற்கிறார். ஓவனில் அதே ஒரு கிலோ மாவு, தண்ணீர் வற்றி, போட்ட எண்ணெயும் சேர்த்து 1.1 கிலோவைத் தாண்டாது. கூலி அதே கூலி. சட்டியில் மூன்று நிமிஷத்துக்கு ஒரு ஈடு எடுக்கலாம். வீட்டு ஓவன் தட்டில் 150 கிராம் போட்டால் இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். 1500 வாட் ஓவன் இருபது நிமிஷம் ஓடினால் அரை யூனிட் கரண்ட். ஒரு கிலோ சேவுக்கு ஏழு தட்டு, மூன்றரை யூனிட், இரண்டு மணி நேரத்துக்கு மேல்! பெரிய பேக்கரி அடுப்பில் இது குறையும், ஆனால் அந்த அடுப்பின் முதலீட்டைச் சின்னக் கடை தாங்காது.

ஆக ஓவன் சேவு கடைக்கு வந்தால், அழகான டப்பாவில், மூன்று மடங்கு விலையில்தான் வரும். அதை வாங்கப்போவது யார்? தீப்பெட்டி ஆபீஸில் கூலி வாங்கிக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பத்து ரூபாய்ப் பொட்டலம் வாங்கிப் போகும் அக்கா வாங்கப்போவதில்லை. ஆரோக்கியம் என்பது ஓவன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டால் அது என்ன ஆரோக்கியம்?

அந்த அக்காவின் பொட்டலத்தில் செய்ய வேண்டிய திருத்தம் வேறு, அதற்கு ஓவன் தேவையில்லை. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது. இதற்குச் சட்டமே இருக்கிறது. பொரித்த எண்ணெய் கெட்டுப்போவதை அளக்கும் 'மொத்த துருவச் சேர்மங்கள்' என்ற அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி. எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது 2022 ஜனவரி முதல் விதி. நல்ல எண்ணெயில், சரியான சூட்டில், நன்றாக வடியவிட்டு எடுத்த சேவுக்கும், நாலு நாள் கறுத்த எண்ணெயில் எடுத்த சேவுக்கும் உள்ள வித்தியாசம் ரொம்பப் பெரியது. கடைக்குப் போகிறவர்கள் சட்டியை எட்டிப் பார்த்து "அண்ணாச்சி, எண்ணெய் எப்ப மாத்துனது?" என்று கேட்க ஆரம்பித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். நூறு வீடியோ செய்யாத வேலையை அந்த ஒரு கேள்வி செய்யும்.

சரி, முடிவாக என்ன?

ஓவனோ ஏர் பிரையரோ இருக்கிற வீட்டில் ஓவன் சேவு கட்டாயம் செய்யுங்கள். எண்ணெய் பாதிக்கும் கீழே குறைகிறது, உப்பு உங்கள் கையில், மாவு உங்கள் கையில். ஆனால் மூன்று விஷயம்.

ஒன்று, அதைச் சாத்தூர்ச் சேவுக்கு மாற்று என்று சொல்லாதீர்கள். அது ஒரு புதுப் பண்டம். அதன் பெயரிலேயே அதை ருசிக்க விடுங்கள்.

இரண்டு, டப்பாவோடு கொண்டுபோய் டிவி முன்னால் வைக்காதீர்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் 30 கிராம் அளவுக்குப் போட்டு, டப்பாவை மூடி அடுப்படியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கூட ஒரு வெள்ளரிப் பிஞ்சை நறுக்கி வையுங்கள். சேவுக்குப் பேர் போன அதே சாத்தூர் வெள்ளரிப் பிஞ்சுக்கும் பேர் போனதுதான். வாய் அசைவதற்கு வெள்ளரி, ருசிக்குச் சேவு.

மூன்று, வாரம் ஒரு நாள் நிஜச் சேவையும் கொஞ்சம் வாங்கிக் கொடுங்கள். நாற்பது வருஷம் நாலு மணிக்குச் சேவு தின்ற மனுஷனிடம் ஒரே நாளில் "இனிமே கிடையாது" என்றால், அவர் வீட்டுக்குத் தெரியாமல் தின்பார். தெரிந்து தின்னும் ஐம்பது கிராமை அளக்கலாம், தெரியாமல் தின்னும் கால் கிலோவை அளக்க முடியாது.

கடைசியாக ஒரு சின்னச் சோதனை. இந்த ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ மாவில் ஓவன் சேவு செய்து டப்பாவில் போட்டு, மூடியில் தேதி எழுதி ஒட்டுங்கள். வழக்கமாகக் கால் கிலோ கடைச் சேவு உங்கள் வீட்டில் எத்தனை நாள் வரும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஓவன் சேவும் அத்தனை நாள் வந்தால் ஜெயித்துவிட்டீர்கள். "பேக் பண்ணினதுதானே" என்று இரண்டே நாளில் தீர்ந்துவிட்டால், ஓவனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கரண்ட் பில்தான் ஏறியிருக்கும்.

செய்து பார்த்துவிட்டு, உங்கள் வீட்டு டப்பா எத்தனை நாள் வந்தது என்று சொல்லுங்களேன்.